பெங்களூர் போன நெகட்டிவும் பேரிகைக் கல்யாண கேசட்டும்

தமிழின் முதல் மௌனப்படம் என்று சொல்லப்படும் 'கீசக வதம்' சென்னையில் எடுக்கப்பட்டது. அதன் நெகட்டிவ் கழுவப்பட்டதோ பெங்களூரில். மோட்டார் கார் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்த ஆர். நடராஜ முதலியார், 1917-18 வாக்கில், வார இறுதிகளில் ஃபிலிமைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு சென்னை திரும்புவார். காரணம் வேறொன்றுமில்லை, குளிர். டெவலப்பர் சூடானால் ஃபிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் படலம் இளகிவிடும். (ஓசூர்ப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்களிடம் புரோக்கர்கள் முதலில் விற்பதும் இதே குளிரைத்தான்.)

படத்தின் நீளம் சுமார் 6000 அடி. 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். மௌனப்பட காலத்தில் நொடிக்கு ஏறக்குறைய 16 ஃபிரேம் ஓடியது என்று வைத்துக்கொண்டால் அடிக்கு ஒரு நொடி, மொத்தம் 100 நிமிடம். அதில் ஒரு அடிகூட இன்று மிச்சமில்லை.

வீடியோ எடிட்டிங் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு நூறு வருடம் பின்னால் போகிறானே என்று நினைக்கவேண்டாம். எடிட்டிங் வரலாறு என்றால் கத்தரிக்கோல் போய் மவுஸ் வந்த கதை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது வெட்டப்படுகிறது, வெட்டிய இடம் எங்கே எழுதி வைக்கப்படுகிறது, கடைசியில் எது மிஞ்சுகிறது என்பதுதான் கதை.

ஃபிலிம் காலத்து எடிட்டர் நெகட்டிவைத் தொடவே மாட்டார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து வெட்டுவார், டேப் போட்டு ஒட்டுவார். 1924இல் இவான் செருரியர் விற்ற மூவியோலாவும், பின்னாளில் ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்டீன்பெக் மேசையும்தான் உலகம் முழுக்க இந்த வேலைக்கான கருவிகள். பிரிண்டில் தப்பாக வெட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். நெகட்டிவில் அது நடக்காது, ஒட்டுப்போடப் பக்கத்து ஃபிரேமையும் காவு கொடுக்கவேண்டும். அதனால் எல்லாம் முடிவான பிறகு, ஃபிலிமின் ஓரத்தில் அடிக்கு அடி அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து நெகட்டிவை ஒரே தடவை வெட்டுவார்கள். எந்தத் துண்டு எந்த எண், மிச்சத் துணுக்கு எந்த டப்பாவில் என்பதெல்லாம் உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அந்த நோட்டுதான் டேட்டாபேஸ்.

தமிழில் இந்த அறையிலிருந்து இயக்குநர்களே வந்திருக்கிறார்கள். கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு எடிட்டர். அவர்களிடம் எடிட்டிங் உதவியாளராக இருந்தவர் பீம்சிங். பீம்சிங்கின் மகன் பி. லெனின். 'உதிரிப்பூக்கள்' (1979) அவர் வெட்டியது, வி.டி. விஜயனோடு சேர்ந்து 'நாயகன்' (1987). மூன்று பேரும் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்பது முக்கியம். மூவியோலா பக்கத்தில் நிற்கிற பையனுக்கு, எந்த ஷாட் ஏன் தூக்கப்பட்டது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வந்தபோது இந்தப் பக்கத்து நாற்காலி காணாமல் போனது. அது உண்மையான நஷ்டம் என்பேன்.

கம்ப்யூட்டர் எப்போது வந்தது? 1971இலேயே. சி.பி.எஸ்.ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து தொடங்கிய சி.எம்.எக்ஸ். நிறுவனம் 600 என்றொரு இயந்திரம் செய்தது. கருப்பு வெள்ளைப் படம், வாஷிங் மெஷின் அளவு டிஸ்க்குகள், மொத்தமாகச் சுமார் அரை மணி நேரக் காட்சிதான் கொள்ளும். பிழைக்கவில்லை. பில் வார்னர் என்ற இன்ஜினியர் தொடங்கிய ஆவிட், 1989இல் மேகின்டாஷில் ஓடும் கருவியைக் காட்டியபோதும் இடப் பிரச்சினை தீரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மூர் டி.வி. தரத்தில் ஒரு ஃபிரேம் 720க்கு 576 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 ஃபிரேம். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 20 எம்.பி.க்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜி.பி. அன்றைக்கு ஒரு டிஸ்க் ஒன்றிரண்டு ஜி.பி. இருந்தாலே பெரிய விஷயம். ஆகவே படத்தை அடிமாட்டுத் தரத்துக்குச் சுருக்கி உள்ளே ஏற்றினார்கள். முகம் தெரிந்தால் போதும், எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யலாம். முடிவுகளை மட்டும் பட்டியலாக வெளியே எடுத்து, அதைப் பார்த்து நெகட்டிவை வெட்டினார்கள். இன்றைக்கு 'ப்ராக்ஸி' என்று சொல்கிறோமே, அதே சமாச்சாரம்தான்.

கமல்ஹாசனின் 'மகாநதி' (1994, இயக்கம் சந்தானபாரதி) ஆவிடில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். 'முதல்' என்ற பட்டத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வேறொன்று சுவாரசியம். அமெரிக்க டி.வி. நொடிக்கு 30 ஃபிரேம். 24 ஃபிரேம் சினிமாவை அதில் ஏற்ற, சில ஃபிரேம்களைப் பிய்த்துக் கலக்கவேண்டும். அப்புறம் டி.வி. ஃபிரேமுக்கும் நெகட்டிவ் ஃபிரேமுக்கும் ஜோடி சேர்ப்பது தலைவலி. இதற்காகவே ஆவிட் 1992இல் 24 ஃபிரேமில் ஓடும் ஃபிலிம் கம்போசரைக் கொண்டுவந்தது. நம் பால் முறையோ 25 ஃபிரேம். ஃபிலிமை லேசாக வேகப்படுத்தி 25இல் ஓட்டிவிட்டால் ஒன்றுக்கு ஒன்று, கணக்கு சுத்தம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலுக்கு இ.டி.எல். என்று பெயர். சி.எம்.எக்ஸ். 600 செத்துப்போனது, ஆனால் அதே நிறுவனத்தின் 3600 இயந்திரத்துக்கான பட்டியல் வடிவம் இன்னும் உயிரோடிருக்கிறது. வெறும் டெக்ஸ்ட். நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரியிலும் வெட்டின் எண், ரீலின் பெயர், மூலத்தில் தொடக்கம்-முடிவு, படத்தில் தொடக்கம்-முடிவு. அதிகபட்சம் 999 வெட்டு. தொழில்முறை மென்பொருள் பெரும்பாலானவற்றில் இதுவோ, இதன் எக்ஸ்.எம்.எல். தம்பியோ வெளியே எடுக்க வழி உண்டு. வேலை முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து வைப்பது என்னைப் பொறுத்தவரை கட்டாயம். ப்ராஜெக்ட் ஃபைல் அந்தந்த மென்பொருளோடு செத்துவிடும், டெக்ஸ்ட் சாகாது.

சரி, பேரிகைக்கு வருவோம். கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நிறைய. ஓசூரில் தொழிற்சாலைகள் வந்து கையில் சம்பளம் புழங்க ஆரம்பித்த பிறகு, வி.எச்.எஸ். கேமரா இல்லாத கல்யாணம் குறைந்தது. அந்த எடிட்டிங், இரண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு மிக்சர். ஒன்றில் ஓட்டி இன்னொன்றில் பதிவது. முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு ஷாட்டை நுழைக்கவேண்டுமா? அதற்குப் பின்னால் உள்ளது அத்தனையையும் மறுபடி பதியவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் நிறம் ஒரு படி மங்கும். கேமரா கேசட்டைப் பெரும்பாலும் அடுத்த கல்யாணத்துக்கு அழித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வீட்டுக்குக் கொடுத்த ஒரே கேசட்.

பிறகு எடியஸ். ஜப்பானின் கோபே நகரத்து கெனோபஸ் கம்பெனி செய்தது, இப்போது கிராஸ் வேலி பெயரில் வருகிறது. நம்மூர் கல்யாண ஸ்டூடியோக்கள் ஆவிடை அல்ல, இதைத்தான் பிடித்துக்கொண்டன. சாதாரண கம்ப்யூட்டரில், கலப்பு ஃபார்மட்டுகளை ரெண்டர் பண்ணாமலே ஓட்டியது. பூ விழுவது, ஆல்பம் புரள்வது எல்லாம் தயார் ப்ராஜெக்ட்டாக விலைக்குக் கிடைத்தது. இன்று டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் பெரிய லேப்களின் கலர் அறையில் மட்டும் இருந்தது, பிளாக்மேஜிக் 2009இல் வாங்கி, 2011இலிருந்து இலவசப் பதிப்பும் தருகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். மொபைல் வீடியோவில் ஃபிரேம் வேகம் நொடிக்கு நொடி மாறும். நிலையான வேகத்துக்கு மாற்றாமல் டைம்லைனில் போட்டால் உதடும் குரலும் ஒன்றையொன்று தேடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று வைத்தால் மினுக்கல் வராது.

சில வருடமாக இந்தப் பக்கத்து உறவுக்காரர் வீடுகளிலிருந்து பழைய கல்யாண கேசட்டுகளை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவசரம் உண்டு. வி.சி.ஆர். தயாரித்த கடைசிப் பெரிய கம்பெனியான ஃபூனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. டேப்பில் பூஞ்சை ஏறிக்கொண்டே இருக்கிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே வி.சி.ஆரில் போடக்கூடாது, ஹெட்டுக்கு ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஏற்றும்போது இன்டர்லேஸ் கோடுகளைச் 'சரி' செய்யாமல் அப்படியே வைக்கவேண்டும். நொடிக்கு 50 பாதிப் படம் அதில் இருக்கிறது, பிற்பாடு நல்ல மென்பொருளில் பிரித்துக்கொள்ளலாம்.

பெரிய ஏமாற்றம் ஒலியில்தான். முகூர்த்தத்திலிருந்து மறுவீடு வரை சினிமாப் பாட்டு. அதற்குக் கீழே பெண்கள் பாடிய பாட்டு, ஐயர் குரல், தாத்தாவின் திட்டு எல்லாம் போயே போச்சு. ஆனால் ஒரு சந்து உண்டு. வி.எச்.எஸ். டேப்பின் ஓரத்தில் ஒரு ஒலித்தடம். ஹை-ஃபை டெக்கில் பதிந்திருந்தால், படத்துக்கு அடியிலேயே இன்னொரு ஒலித்தடம். 'ஆடியோ டப்' பொத்தானை அழுத்திப் பாட்டுச் சேர்த்தால் ஓரத்தடம் மட்டும்தான் அழியும். அடித்தடத்தைப் படத்தை அழிக்காமல் அழிக்க முடியாது. எல்லா கேசட்டிலும் இது இருக்காது. இருந்தாலும், பிரதி எடுக்கும்போதே பாட்டைக் கலந்திருந்தால் பயனில்லை. ஆகவே ஹை-ஃபை வி.சி.ஆர். கிடைத்தால் ஒலித்தேர்வை 'நார்மல்', 'ஹை-ஃபை' இரண்டிலும் வைத்துத் தனித்தனியாக ஏற்றுங்கள். என்னிடம் வந்ததில் இதுவரை ஒன்றே ஒன்றில் கிடைத்தது. நார்மலில் டூயட் பாட்டு. ஹை-ஃபைக்குத் திருப்பினால் ஒரு பாட்டி தெலுங்கில் நலுங்குப் பாட்டைப் பாதியில் மறந்து நிற்க, பக்கத்திலிருந்து யாரோ கன்னடத்தில் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கிறார்.