நீல அட்டைக் கோப்பு

பிராங்பர்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவத் துறையின் பழைய ஆவணங்களுக்கிடையே 1995 டிசம்பர் 21 அன்று ஒரு நீல அட்டைக் கோப்பு அகப்பட்டது. உள்ளே 32 தாள்கள். மருத்துவர் கொன்ராட் மவுரரும் அவருடைய சகாக்களும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அல்சைமர் நோய் என்று மருத்துவ உலகம் பெயரிட்ட நோயின் முதல் நோயாளியைப் பற்றிய குறிப்புகள் அவை. பல பத்தாண்டுகளாக அது தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்தக் கோப்பு தொடங்கியது 1901 நவம்பரில். ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்த கார்ல் டேட்டர் தன் மனைவி அவுகுஸ்டேயை நகராட்சி மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அவுகுஸ்டேவுக்கு வயது 51. முதலில் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம் வந்தது. பிறகு சமையல் கைவிட்டது, பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறினார். முதுமையில் நினைவு மங்குவதை ஊரே அறியும். ஐம்பதே வயதில் இப்படி ஏன் என்பதுதான் அங்கிருந்த மருத்துவர் ஆலோய்ஸ் அல்சைமரை உலுக்கிய கேள்வி. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அவர் தன் மனைவியை இழந்திருந்தார்.

அவர் நோயாளியின் அருகில் உட்கார்ந்து கேட்டார். கேட்டதையும் கிடைத்த பதிலையும் அப்படியே எழுதினார். பெயர் என்ன? அவுகுஸ்டே. குடும்பப் பெயர்? அவுகுஸ்டே. கணவர் பெயர்? அவுகுஸ்டே என்று நினைக்கிறேன். மதியம் தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது, ‘திருமதி’ என்று எழுதியதோடு மீதி மறந்துபோனது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. என்னை நானே தொலைத்துவிட்டேன் என்று அந்த அம்மாள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. தனக்கு நேர்வதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தத் தாள்களைப் படிக்கும்போது எனக்கு அல்சைமரின் நுண்ணோக்கியைவிட அவருடைய பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது. வேறொருவர் ‘பேச்சு குழப்பமாக உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். எமில் சியோலி தலைமையில் இயங்கிய அந்த மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் குளிக்கவைத்து அமைதிப்படுத்தினார்கள். இரவும் பகலும் அந்தப் பெண்ணைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட செவிலியர்களின் உழைப்பும் இந்த ஆய்வுக்குள் இருக்கிறது. வரலாறு அவர்கள் பெயரைச் சொல்வதில்லை.

1903இல் அல்சைமர் பிராங்பர்ட்டை விட்டுப் போனார். முதலில் ஹைடல்பர்க், பிறகு மியூனிக்கில் எமில் கிரெப்பெலினின் மருத்துவமனை. போன இடத்திலும் அவுகுஸ்டேயை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8 அன்று அவுகுஸ்டே இறந்தார். அல்சைமர் கேட்டுக்கொண்டபடி சியோலி கோப்பையும் மூளையையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார். சுருங்கிப்போயிருந்த மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையில் நிறமேற்றிப் பார்த்தபோது, நரம்பு அணுக்களுக்குள் இழைகள் தடித்து முறுக்கிக் கிடந்தன. அணுக்களுக்கு வெளியே, மூளைப் புறணி முழுக்க, ஏதோ ஒரு பொருள் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் படிந்திருந்தது. இன்றைய ஆய்வு பெரும்பாலும் சுற்றிவருவது இந்த இரண்டையும்தான்: டௌ முடிச்சுகள், அமிலாய்டு படிவுகள்.

அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர் மாநாட்டில் அல்சைமர் இதை வாசித்தார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆய்வகத்தில் அவருடன் இருந்த இத்தாலிய மருத்துவர் கயேட்டானோ பெரூசினி, 1909இல் நான்கு நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். முதல் நோயாளி அவுகுஸ்டேதான். 1910இல் கிரெப்பெலின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். 1915இல் பெரூசினி போரில் காயம்பட்டு இறந்தார். டிசம்பரில் அல்சைமரும் போனார், 51 வயதில். நோயாளி மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது.

கோப்பு பிராங்பர்ட்டுக்குத் திரும்பி உறங்கியது. மூளைச் சீவல்கள் பதித்த கண்ணாடித் தகடுகள் மியூனிக்கில் உறங்கின. 1990களில் ஒரு சந்தேகம் எழுந்தது. அவுகுஸ்டேவுக்கு இருந்தது உண்மையிலேயே இந்த நோய்தானா, ரத்தக்குழாய் தடிப்பால் வந்த கோளாறா, வேறேதுமா? கோப்பு கிடைத்தும் விடை முழுமையாகவில்லை. மானுவேல் கிரேபரும் சகாக்களும் மியூனிக்கில் தேடி, அவுகுஸ்டேயின் மூளைச் சீவல்கள் இருந்த இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தகடுகளைக் கண்டெடுத்தார்கள். முடிச்சுகளும் படிவுகளும் அப்படியே இருந்தன. அல்சைமர் சொன்னது சரி என்று 1998இல் அறிவித்தார்கள். இளம் வயதில் நோய் வந்ததற்குப் பரம்பரைக் காரணம் உண்டா என்று பின்னர் அந்தச் சீவல்களிலிருந்தே மரபணுவைத் தேடினார்கள். பிரசெனிலின் 1 மரபணுவில் மாற்றம் இருப்பதாக ஒரு குழு சொன்னது. 2014இல் இன்னொரு குழு தேடியபோது அது கிடைக்கவில்லை.

இத்தனை பேர் ஒரு பெண்ணின் வார்த்தைகளையும் கையெழுத்தையும் படத்தையும் மூளையையும் நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி ஒருவரை ஆராய இன்று, ஒரு மருத்துவமனை ஆய்வில் சேருபவரிடமோ அவர் சார்பில் குடும்பத்தாரிடமோ, எதற்கு, எவ்வளவு காலம், என்ன ஆபத்து என்று விளக்கி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு படிவம் நீட்டப்படலாம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பயந்து ஒதுங்கவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். நினைவு மங்கிய அந்த மனிதருக்கும் தெரியும் அளவுக்குச் சொல்லிவிட்டு, அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதையும் எழுதி வையுங்கள்.