எம்.சி. ராஜா கட்சி மாறியவரா?



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியர் மறைந்த பிறகு அவருடைய புத்தகங்களை ஒழுங்குபடுத்த நாங்கள் நான்கைந்து பேர் அவர் வீட்டுக்குப் போனோம். ஒரு தகரப் பெட்டியில் மூன்று கட்சிகளின் உறுப்பினர் அட்டைகள் இருந்தன. மூன்றிலும் வெவ்வேறு வயதில் அவருடைய முகம். உடன் வந்த இளைஞர் ஒருவர், "சார் இத்தனை கட்சி மாறியிருக்காரா?" என்று கேட்டார். அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. நம்மில் ஒருவர் கட்சியைவிட்டு வெளியே வந்தால் 'தாவிட்டார்', 'விலைபோயிட்டார்' என்பார்கள். கட்சி அவரை என்ன செய்தது என்று கேட்கமாட்டார்கள். ஆசிரியர் இருந்தபோதே நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "ஓட்டுக் கேக்க தெருவுக்குள்ள வந்தாங்கப்பா. பிரச்சினைன்னு நாம போனா ஆபீஸ் வாசல்லயே நிக்க வெச்சாங்க" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இதே குற்றச்சாட்டைச் சுமந்தபடி நம் வரலாற்றில் நிற்பவர் எம்.சி. ராஜா. நீதிக்கட்சியில் இருந்தார், விலகினார்; தனித்தொகுதி கேட்டார், பிறகு கூட்டுத்தொகுதி கேட்டார்; அம்பேத்கரை எதிர்த்தார், பிறகு அவரோடு நின்றார். நம் மேடைகளில் அவர் பெயர் வரும்போது பேச்சாளர்கள் சற்றுத் தயங்கிக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கடந்தவன்தான். இன்று தயங்கும் இடத்திலேயே நின்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

1883இல் பரங்கிமலையில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் ராஜா. 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் இரட்டையாட்சி முறையில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தபோது சட்டமன்றத்தில் அக்கட்சியின் முன்வரிசையில் இருந்தார். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதிஆந்திரர்' என்றும் குறிக்க வேண்டுமென்று 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. நம் சாதிச் சான்றிதழ்களில் இன்றும் இருக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

அந்தத் தீர்மானத்துக்கு முந்தைய ஆண்டே புளியந்தோப்பு எரிந்திருந்தது. 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெருமளவில் அதில் சேரவில்லை. அவர்கள் வேலைக்குப் போனதை ராஜா ஆதரித்தார். தொழிற்சங்க வரலாறு அவர்களைக் 'கருங்காலிகள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது. கூலி நின்றால் மறுநாள் சோற்றுக்கு வழியில்லாதவர் யார், ஊரில் நிலமும் உறவும் இருந்து சில மாதம் தாக்குப்பிடிக்கக்கூடியவர் யார் என்ற கணக்கை அந்த வரலாறு போடவே இல்லை. மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் எரிந்த குடிசைகளின் பக்கம் நிற்கவில்லை. ஆதிதிராவிடருக்கு அரசின் தொழிலாளர் துறை சலுகை காட்டுவதுதான் பிரச்சினைக்குக் காரணம் என்றார்கள். அந்தத் துறை செய்துகொண்டிருந்தது என்ன? வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம். பார்ப்பனரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் தம் மக்களும் இருப்பதாக நம்பிப் போனவர் ராஜா. மழை பெய்தபோதுதான் குடையின் அளவு தெரிந்தது. 1923இல் வெளியேறினார்.

கவனியுங்கள், அவர் விலகிய ஒரே பெரிய கட்சி அதுதான். காங்கிரசில் அவர் ஒருபோதும் சேர்ந்ததில்லை. ஆனாலும் காங்கிரசை நம்பினார். அவர் வாழ்க்கையின் பெரிய பிழை அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

1920களின் பின்பாதியில் மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சைமன் குழுவோடு இணைந்து செயல்பட்ட இந்திய மத்தியக் குழுவில் இருந்தார். ஆனால் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். அகில இந்திய அமைப்பொன்றின் தலைவரான தமக்கு அழைப்பு இல்லை என்பது அவரைச் சுட்டிருக்கும். 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு அவர் செய்த ஒப்பந்தத்துக்கு அந்தக் கசப்பே காரணம் என்பார்கள். இருக்கலாம். தலைவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் அதை மட்டும் சொல்லி விட்டுவிடுவது சோம்பேறித்தனம். தனித்தொகுதி கிடைத்தால் நம் பிரதிநிதிகள் சபையில் தனித்து நிற்பார்கள், பெரும்பான்மையின் ஓட்டு இல்லாமல் எந்தச் சட்டமும் நிறைவேறாது என்பது அவருடைய வாதம். மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் வேண்டும், அவற்றுக்குப் பொதுவாக்காளர் அனைவரும் வாக்களிக்கட்டும் என்றார்.

நடந்தது நமக்குத் தெரியும். ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. தனிவாக்காளர் தொகுதிகளாக 71 இடங்கள். எரவாடா சிறையில் காந்தியின் உண்ணாவிரதம். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 148 இடங்கள், கூட்டுத்தொகுதி. சென்னை மாகாணத்துக்கு அதில் 30. ஒப்பமிட்டவர்களில் ராஜாவும் ஒருவர். ராஜா கேட்டது கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தது. இதைத் தோல்வியடைந்த மனிதரின் கதையாக வாசிப்பவர்கள் இந்த இடத்தை மறக்கக்கூடாது. 1932இல் வென்றவர் அவர். அந்த வெற்றி என்ன செய்தது என்று ஆறே ஆண்டில் பார்த்துவிட்டார்.

அதற்கு ஒரு முன்னறிவிப்பும் இருந்தது. அவர் உறுப்பினராக இருந்த மத்திய சட்டசபையில் சி.எஸ். ரங்கய்யர் 1933இல் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர்கள் ஊர் ஊராக ஆதரவு திரட்டினார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் நெருங்கியதும் அந்த ஆதரவு கரைந்துபோனது. 1934 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ் முதலில் ஆட்சியமைக்க மறுத்தபோது, கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா சில மாதங்கள் அமைச்சராக இருந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்தவர்களிடமே திரும்பிப் போன அந்த முடிவை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஜூலையில் ராஜாஜி பிரதமரானார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள்.

1938இல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கையில் எடுத்தார். பொதுச்சாலை, கிணறு, அலுவலகம் போன்றவற்றில் தடையை நீக்கும் மசோதா சட்டமானது. அடுத்தது ஆலய நுழைவு. திருவிதாங்கூரில் 1936இலேயே அரசர் பிரகடனம் செய்துவிட்டார். சென்னையில் மக்களாட்சி, காந்தியவாதியே பிரதமர், என்ன தடை என்று ராஜா எண்ணியிருக்க வேண்டும். ராஜாஜி மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டுமான ஒரு சட்டத்தை அரசே கொண்டுவரும் என்றார். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. ராஜா பின்வாங்கவில்லை. அரசு எதிர்த்தது, மசோதா தோற்றது.

சபையை ஒரு கணம் மனதில் கொண்டுவாருங்கள். பூனா ஒப்பந்தத்தின்படி ஒதுக்கிய 30 இடங்களில் மிகப் பெரும்பாலானவை காங்கிரஸ் வசம். கூட்டுத்தொகுதியில், சாதி இந்துக்களின் ஓட்டையும் வாங்கி, கட்சிச் சீட்டில் வென்று வந்தவர்கள் அந்த உறுப்பினர்கள். பெரும்பான்மையின் ஓட்டு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்றுதானே ராஜா கூட்டுத்தொகுதி கேட்டார்? அந்த ஏற்பாட்டில் பெரும்பான்மை அவர் பக்கம் வரவில்லை. அவருடைய சொந்த மக்களின் பிரதிநிதிகள்தான் பெரும்பான்மையின் பக்கம் போனார்கள். அவர்களைத் துரோகிகள் என்று நான் சொல்லமாட்டேன். கட்சி கைவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்க இடமில்லை என்ற நிலையில் யாரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இன்று நமக்கு ஒதுக்கிய தொகுதிகள் 44. ஓர் ஊரில் தேர் ஓடாமல் நின்றாலோ, குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தாலோ, அந்த 44 இடங்களிலிருந்து, கட்சி வேறுபாடின்றி, எத்தனை குரல் எழுகிறது என்பதை உங்கள் அனுபவத்திலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டே மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது. அதை நடத்தியவர்களைக் காக்க ராஜாஜி அரசே அவசரமாகச் சட்டம் செய்தது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இந்தப் பகுதியை. ஓராண்டுக்கு முன் அதே சபையில் ஒரு ஆதிதிராவிடர் சட்டமாகக் கேட்டபோது மறுத்ததை நாம் படிக்கவில்லை. உரிமையாகக் கேட்டால் கிடைக்காது, அவர்கள் நேரம் பார்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ராஜாவின் ஏமாற்றத்தின் சாரம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கடிதப் போக்குவரத்தை நமக்குப் பத்திரப்படுத்தித் தந்தவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் எழுதிய நூலில் ராஜாவின் மசோதாவின் கதையைச் சொல்கிறார். 1932இல் எதிர்முகாமில் நின்றவரின் அனுபவத்தைத் தம் வழக்குக்குச் சாட்சியாக்கினார். ராஜா உயிரோடு இருந்து அதை வாசித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். 1942 வசந்தத்தில் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது இருவரும் சேர்ந்து சென்று அவரைச் சந்தித்தார்கள். அத்திட்டத்தில் தம் மக்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எதிர்த்து எழுதிய கடிதத்தில் இரண்டு கையெழுத்துகள் அருகருகே இருக்கின்றன. மறு ஆண்டு ஆகஸ்ட் 20இல், அறுபது வயதில், ராஜா காலமானார்.

அவருடைய குறையையும் சொல்லிவிடுகிறேன். சபைக்குள் அவ்வளவு உழைத்தவர், சேரிகளில் கிளை கிளையாக ஓர் அமைப்பைக் கட்டவில்லை. நியமன உறுப்பினராகவே நீண்ட காலம் இருந்தவருக்குப் பின்னால் நிற்க ஒரு கூட்டம் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட நாளில் அது இல்லை. 1942 ஜூலையில் நாக்பூரில் சென்னையின் என். சிவராஜ் தலைமையில் கூடியவர்கள் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பை அமைக்க முடிவெடுத்தபோது இந்தப் பாடம் அவர்கள் மனதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகள் இருக்கின்றன. 1938 ஆகஸ்ட் விவாதத்தை முழுமையாகத் தமிழாக்கி ஒரு சிறுநூலாகக் கொண்டுவர வேண்டும். அச்சுச் செலவுக்கு ஆசிரியர் வீட்டார் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.