திரி போய் மின்னிழை வந்த கதை

எங்கள் காஞ்சிபுரத்தில் வாகனம் என்றால் வரதராசப் பெருமாளின் கருடவாகனமே முதலில் நினைவுக்கு வரும். சுவாமி புறப்பாட்டில் தீவட்டியோடு காஸ் விளக்கு சேர்ந்தது. பின்னர் மின்விளக்கும் வந்தது. மோட்டார் வாகனமும் ஏறக்குறைய இதே படிகளில் ஏறி வந்ததென்பதைப் பலர் அறியார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மோட்டார்களின் முன்விளக்கு கார்பைடு கல்லின்மேல் நீர் சொட்டுவதால் உண்டாகும் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தது. பக்கவிளக்கும் பின்விளக்கும் பித்தளைக் கூட்டுக்குள் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்குகளே. ஓட்டுநர் இறங்கி, நெருப்புக் குச்சி கிழித்து, ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். இவை பாதையைக் காட்டுவதற்காக அமைந்தவையல்ல. வண்டி வருகிறதென்று பிறருக்கு அறிவிப்பதற்கே. மாட்டுவண்டியின் இருசுக்கு அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கின் வேலைதான் அது. பின்விளக்கு காற்றில் அணைந்துவிட்டால், முன்னே அமர்ந்து ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது!

1912-இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டி, கெட்டரிங் என்பவர் வகுத்த மின்னமைப்புடன் வெளிவந்தது. ஃபோர்டு நிறுவனமோ நிதானமாகவே மாறிற்று. 1915-ஆம் ஆண்டின் 'டி' மாடலில் முன்விளக்கு மட்டும் மின்விளக்காயிற்று. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அதன் ஒளியும் மங்கும். 1919-இல் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் வரத் தொடங்கும்வரை பின்னால் மண்ணெண்ணெயே எரிந்தது. ஒரே கூட்டுக்குள் திரியும் பல்பும் கூடிவாழ்ந்த இரட்டை விளக்குகளும் அக்காலத்தில் விற்பனையாயின. புதுமையை நம்பவும் மனமில்லை, விடவும் மனமில்லை போலும்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தவர் ஜோசப் லூக்காஸ். பிறகு கப்பல் விளக்கும் சைக்கிள் விளக்கும் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் மோட்டாருக்கான மின்கருவிகளில் பேர்பெற்றது. அந்நிறுவனமும் நம் டி.வி.எஸ். நிறுவனமும் கூடி 1961-இல் லூக்காஸ்-டி.வி.எஸ். என்னும் தொழில் அமைப்பைத் தொடங்கின. சென்னை பாடியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. மண்ணெண்ணெய் வியாபாரியின் பெயர் மின்சாரத்தின் வழியாகத் தமிழ்நாட்டிற்கு வந்ததை எண்ணி நான் வியப்பதுண்டு.

இன்று பழைய மோட்டார்களைப் பேணுவோர், மண்ணெண்ணெய் விளக்கில் பல்பு பொருத்தலாமா என்று வாதிடுகின்றனர். வண்டி இரவில் சாலைக்கு வருமாயின் பொருத்தத்தான் வேண்டும் என்பது என் கருத்து. லாரி ஓடும் சாலையில் திரிவிளக்கை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும். ஆனால் பித்தளையைத் துளையிடுவதை நான் ஒப்பேன். திரிப்பகுதியைக் கழற்றி, அது இருந்த இடத்திலேயே பல்பின் தாங்கியை நிறுத்தலாம். காற்றுத் துளை வழியே கம்பியைச் செலுத்தலாம். சுடர் நின்ற உயரத்தில் மின்னிழை நின்றால்தான் கண்ணாடி ஒளியைச் சரியாகப் பரப்பும். பாட்டரி ஆறு வோல்ட்டானால் பல்பும் ஆறு வோல்ட்டாகவே இருத்தல் வேண்டும். பழைய ஈயப்பற்று வெப்பம் தாங்காது. ஆகவே சிறு பல்போ, அதிகம் சூடேறாத எல்.இ.டி.யோ போதும். கழற்றிய திரிப்பகுதியைப் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றி, வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே வைத்திருத்தல் நன்று.