ஸாவா நதிக்கரையில் ஒரு தீர்ப்பு

1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நிகழ்ந்த போரை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஜும்ஆ நாள்களில் அம்மக்களுக்காக நம் பள்ளிவாசல்களிலும் கையேந்தி துஆச் செய்தோம். ஸராயீவோ முற்றுகையும் ஸ்ரெப்ரெனிட்சாப் படுகொலையும் உலகறிந்தவை. ஆனால், துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர் ஒருவரையொருவர் கொன்ற மக்கள் ஒரே தெருவில் எவ்வாறு மீண்டும் குடியேறினர் என்னும் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அவ்வரலாற்றில் தனித்துக் கற்கவேண்டிய ஏடு பிர்ச்கோ என்னும் சிறு மாவட்டத்துக்கு உரியது.

பிர்ச்கோ வடக்குப் போஸ்னியாவில் ஸாவா ஆற்றின் தென்கரையில் அமைந்த துறைமுக நகரம். ஆற்றின் மறுகரை குரோவாசிய நாடு. 1991ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களுமாக ஏறத்தாழ 87,000 பேர் அங்கு வாழ்ந்தனர். நூற்றுக்கு 44 பேர் முஸ்லிம்கள்; 25 பேர் கத்தோலிக்கரான குரோவாசியர்; 21 பேர் கிழக்குத் திருச்சபையினரான ஸெர்பியர். மூவரும் பேசியது பெரும்பாலும் ஒரே மொழியே. பிரித்துக் காட்டியவை தொழும் இடமும் எழுதும் லிபியுமே.

1992 ஏப்ரல் 30 அன்று ஸாவாவின் மேலிருந்த பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வேளை அதனைக் கடந்துகொண்டிருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். அடுத்த சில நாள்களில் நகரம் ஸெர்பியப் படைகளின் கைக்குள் சென்றது. முஸ்லிம்களும் குரோவாசியரும் விரட்டப்பட்டனர்; பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன. லூக்கா என்னும் துறைமுகக் கிடங்கு சிறைக்கூடமாயிற்று. அங்குக் கொலை புரிந்த கோரான் யெலிஸிச் என்பவன், பின்னாளில் ஹேக் நகரிலிருந்த பன்னாட்டு நீதிமன்றத்தில் தன் கொலைகளை ஒப்புக்கொண்டான். இனப்படுகொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவன் விடுவிக்கப்பட்டான் என்றாலும், 1999 டிசம்பரில் அவனுக்கு 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இச்சிறு நகருக்காக அத்தனை போட்டி ஏன்? நிலப்படத்தை நோக்குங்கால் விடை விளங்கும். ஸெர்பியர் கைப்பற்றிய நிலம் கிழக்கிலும் மேற்கிலுமாக இரு துண்டங்களாய்க் கிடந்தது. அவற்றை இணைத்த ஒடுங்கிய வழி பிர்ச்கோவின் ஊடே சென்றது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஐந்து கிலோமீட்டர் அளவே. முஸ்லிம்களுக்கும் குரோவாசியருக்குமோ அதுவே ஸாவா ஆற்றுக்கும் அதன் வழியே ஐரோப்பாவுக்கும் செல்லும் வாயில். 1995 நவம்பரில் டேட்டனில் கூடியவர்கள் நாடு முழுவதையும் இரு கூறுகளாகப் பிரித்து எல்லை வகுத்துவிட்டனர். பிர்ச்கோ யாருக்கு என்பதில் மட்டும் உடன்பாடு காண இயலவில்லை. ஆகவே அதனை நடுவர் தீர்ப்புக்கு விட்டனர்.

நம் மார்க்க நூல்கள் தஹ்கீம் என்று கூறும் முறை இதுதான். ஹிஜ்ரி 37இல் ஸிஃப்பீன் போருக்குப் பின் அபூ மூஸா அல் அஷ்அரீ, அம்ரு இப்னுல் ஆஸ் ஆகிய இருவர் நடுவராக அமர்ந்ததையும், அத்தீர்ப்பு பிணக்கைத் தீர்க்காது போனதையும் மதரஸா மாணவர் அறிவர். பக்கத்துக்கு ஒருவராக இருவர் மட்டுமே இருந்தால் நடுவர் மன்றமும் போர்க்களத்தின் நீட்சியாகிவிடும். பிர்ச்கோவில் இரு தரப்புக்கும் ஒவ்வொருவர் அமர, தலைமை நடுவராக ராபர்ட்ஸ் ஓவன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் அமர்ந்தார். ஒத்த கருத்து எட்டாவிடில் தலைவரின் முடிவே தீர்ப்பு என்பது விதி. 1997 பிப்ரவரியில் வெளியான முதல் தீர்ப்பில் மற்ற இருவரும் கையொப்பமிடவில்லை. நகரம் யாருக்கென்று அதில் சொல்லப்படவுமில்லை. பன்னாட்டு மேற்பார்வையாளர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்று மட்டும் கூறிற்று. அவ்வாறு வந்தவர் ராபர்ட் ஃபாரண்ட்.

அவர் வந்த ஆண்டிலேயே, ஆகஸ்ட் 28 அன்று, நகரில் அபாயச் சங்கு ஊதப்பட்டது. திரண்ட கூட்டம் அமெரிக்கப் படையினரைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கிற்று. பன்னாட்டுக் காவல் அதிகாரிகள் நகரை விட்டு அகல வேண்டியதாயிற்று. ஆயுதமேந்திய படைக்கே இந்நிலை என்றால், விரட்டப்பட்ட முஸ்லிம் தன் மனைவி மக்களோடு பழைய வீட்டுக்குத் திரும்புவது எவ்வாறு? அவ்வீட்டிலோ, 1996இல் ஸராயீவோவின் புறநகர்களை விட்டு வந்த ஸெர்பியக் குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. அக்குடும்பமும் வீடிழந்ததே என்பதை நாம் மறைக்கலாகாது.

பாதுகாப்பு என்றால் பீரங்கி மட்டுமன்று. 1998இல் போஸ்னியா முழுவதற்கும் ஒரே வகையான வண்டி எண் பலகை வந்தது. இலத்தீன், சிரில் ஆகிய இரு லிபிகளுக்கும் பொதுவாயுள்ள எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து அதில் பொறித்தனர். வண்டி எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, ஓட்டுபவர் எந்த இனத்தவர் என்று பலகையைக் கண்டு அறிய வழியில்லாமல் போயிற்று. அதன் பிறகே மக்கள் அஞ்சாது எல்லை கடந்து சென்றுவரலாயினர். ஒரு தகரத் துண்டு செய்த பணி இது! பிர்ச்கோவின் காவல் துறையிலும் மூவினத்தாரும் சேர்க்கப்பட்டனர்.

தேர்தல்களின் கதையை இனிக் காண்போம். போர் முடிந்த மறு ஆண்டிலேயே, 1996 செப்டம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நடத்த எண்ணினர். அகதிகள் தாம் இனி வாழ எண்ணும் ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு விதி வகுத்தனர். நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். ஆனால், பிர்ச்கோ போன்ற நகரங்களில் தம் இனத்தவரின் பெயர்களை நிரப்பிப் போரில் பிடித்த இடத்தை வாக்குச் சீட்டால் உறுதி செய்துகொள்ள ஸெர்பியத் தலைவர்கள் அதனைப் பயன்படுத்தினர். தேர்தல் ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது. 1997 செப்டம்பரில் அது நடந்தபோது ஸெர்பியக் கட்சிகள் பிர்ச்கோவில் குறுகிய பெரும்பான்மை பெற்றன. விரட்டப்பட்டவர் திரும்பாத ஊரில் எண்ணப்படும் வாக்கு, விரட்டியவனுக்கே பட்டயம் எழுதிக் கொடுக்கும் என்பதே நாம் இதிலிருந்து அறிவது.

1999 மார்ச் 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. நகரும் சூழ்ந்த சிற்றூர்களும் ஒரே மாவட்டமாக்கப்பட்டன; இரு கூறுகளுக்கும் அது பொது உடைமை; ஆனால் எக்கூறும் அதனை ஆளலாகாது. 2000 மார்ச் 8இல் மாவட்டம் பிறந்தது. படைகள் வெளியேறின. மாவட்டப் பேரவையின் 29 உறுப்பினரையும் மேற்பார்வையாளரே நியமித்தார். தேர்தல் என்னும் சொல் நான்காண்டுக்கு எழவில்லை.

இது மக்களாட்சிக்கு முரணன்றோ என்று கேட்டவர் உண்டு. யத்தீமின் சொத்துக்குப் பொறுப்பேற்ற வஸீயைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம் இங்கு நம் நினைவுக்கு வருகிறது. ருஷ்து எனும் பக்குவம் வந்ததைச் சோதித்தறிந்த பின், சாட்சிகளை வைத்துச் சொத்தை ஒப்படைக்க வேண்டும். அதுவரை அதனை உண்டு தீர்க்கலாகாது. இச்சட்டம் யத்தீமைக் காப்பதைப் போலவே வஸீயின் கையையும் கட்டுகிறது. பிர்ச்கோவின் மேற்பார்வையாளர்க்கோ அத்தகைய கட்டு குறைவாகவே இருந்தது. சட்டத்தை ஆணையால் பிறப்பிக்கவும் அதிகாரிகளை நீக்கவும் அவர்களால் முடிந்தது. ஆயினும் அந்நான்காண்டு வீணாகவில்லை என்பதே எம் கருத்து. ஸெர்பியர் குடியிருந்த வீடுகள் உரியவர்க்கு மீட்கப்பட்டன. பள்ளிவாசல்கள் மீண்டும் எழுந்தன.

ஆசிரியத் தொழிலில் உள்ள எம்மை மிகவும் ஈர்த்தது பள்ளிக்கூடங்களின் கதை. 2000 அக்டோபரில் முஸ்லிம் மாணவருடன் ஒரே கட்டடத்தைப் பங்கிட்டுக்கொள்வதை எதிர்த்து ஸெர்பிய மாணவர் தெருவில் இறங்கினர். அஞ்சிப் பின்வாங்காமல், 2001இல் பொதுக் கல்விச் சட்டமே கொணர்ந்தனர். மூவினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பெரும்பாலான பாடங்களை ஒன்றாகப் படிக்கலாயினர். இரு லிபிகளும் பயிலப்பட்டன. போஸ்னியாவின் வேறு சில ஊர்களிலோ, ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள், இரு வாயில்கள், இரு பாடத்திட்டங்கள் என்னும் நிலை தொடர்ந்தது. கரும்பலகையைப் பங்கிட மறுத்த பிள்ளைகள், வளர்ந்து ஆட்சியை எங்ஙனம் பங்கிடுவர்?

சந்தையைக் குறிப்பிடாவிடில் கதை முழுமையுறாது. நகருக்குத் தெற்கே அமெரிக்கப் படையினர் "அரிஸோனா" என்று பெயரிட்ட சாலையோரம், 1996லேயே மூவினத்தாரும் கூடி வாங்கி விற்கத் தொடங்கினர். அரசியல்வாதிகள் கைகுலுக்க மறுத்த நாளில் வணிகர் விலை பேசினர். எனினும் அங்குக் கள்ளச் சரக்கும், அதனினும் இழிந்த பெண் கடத்தலும் நடந்தன. பின்னரே அச்சந்தை வரிக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தப்பட்டது.

2004 அக்டோபரில் மாவட்டத்தின் முதல் தேர்தல் நடைபெற்றது. எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. பேரவை மேயராகத் தேர்ந்தெடுத்தது மிர்ஸாத் ஜாப்போ என்னும் முஸ்லிமை. இன்ன பதவி இன்ன இனத்துக்கே என்ற ஒதுக்கீடு அங்கு எழுதப்படவில்லை. ஒன்றுகூடாமல் ஆள முடியாத நிலையே அவர்களைக் கூட்டுவித்தது. மோஸ்டார் நகரத்தில் 2008க்குப் பின் 2020 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தலே நடைபெறாது போனதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

குறைகள் இல்லாமல் இல்லை. அரசு வேலைகளைக் கட்சிகள் தமக்குள் பகிர்ந்துகொண்டன என்னும் புகார் நெடுங்காலம் நீடித்தது. 2012 ஆகஸ்ட் 31இல் மேற்பார்வை நிறுத்திவைக்கப்பட்டது. பதவி ஒழிக்கப்படவில்லை, நடுவர் மன்றமும் கலைக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மாவட்டத்தின் 83,516 பேரில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 42, ஸெர்பியர் 35, குரோவாசியர் 21. விரட்டப்பட்டோர் பலர் திரும்பினர் என்பதற்கு இவ்வெண்களே சாட்சி. ஆயினும் நாட்டின் ஆட்சித் தலைமைக்கு வாக்களிக்க விரும்பும் பிர்ச்கோவாசி இரு கூறுகளுள் ஒன்றன் குடிமகனாகத் தன்னைப் பதிந்துகொள்ளவேண்டும் என்னும் விதியை அத்தீர்ப்பு மாற்றவில்லை. தன் ஊரில் எப்பக்கமும் சாராது வாக்களிப்பவர், நாட்டுக்கு வாக்களிக்கும்போது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.