தீவகத்துப் பழங்கார்களும் புதுக்கூடுகளும்

1948இல் அறிமுகமாகிய மொறிஸ் மைனர் காருக்குத் தனிச்சட்டகம் இல்லை. உடற்கூடே பாரந் தாங்குவது. ஆதலின் பண்ணைப் பாலங் கடந்து வேலணை, ஊர்காவற்றுறை என ஓடிய இத்தகைய கார்களின் அடித்தகடுகளைக் கடற்காற்று அரித்துவிடின், இயந்திரம் நன்றாயிருந்தும் பயனில்லை.

இங்கிலாந்தில் 1988இல், பழைய அச்சுக்களைக் கொண்டே எம்.ஜி.பி. காருக்கு முழுக்கூடு புதிதாக அமைக்கப்பட்டது. அது பழைய கார்தானா என ஐயுறுவாருளர். உக்கிய பலகைகளை மாற்றிய வள்ளத்தை எம்மவர் வேறு வள்ளமென்று சொல்வதில்லை. காருக்கும் அஃதே பொருந்தும்.

1990களில் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வெயர், மைனரின் தகடுகளை இலங்கையிலேயே செய்வித்தார். அவை கப்பலேறி இங்கிலாந்து சென்றன. அத்தசாப்தத்தின் முற்பகுதியிலோ, யாழ்ப்பாணத்துக்கு வாகன உதிரிப்பாகங்கள் தடுக்கப்பட்டிருந்தன; இங்குள்ள பழங்கார்கள் ஒட்டுத்தகடுகளுடன் மண்ணெண்ணெயில் ஓடின.