முத்திரை குத்திய பிறகு

சென்ற மாதம் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்தேன். விழித்திரையைப் படம் எடுத்தார்கள். சில நிமிடங்களில் கணினியே "பாதிப்பு இல்லை" என்று முடிவு சொல்லிவிட்டது. கூட வந்த நண்பர், "டாக்டர் பார்க்கவே இல்லையே! இந்த மெஷினைச் சரிபார்த்தது யார்?" என்றார். எடையளவு ஆய்வாளராகக் காலமெல்லாம் தராசுகளுக்கு முத்திரை வைத்தவன் நான். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது பற்றிப் படித்ததில் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சம்பவம் கிடைத்தது.

கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் 'தெராக்-25' என்றொரு புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் செய்தது. அதற்கு முந்தைய மாடல்களில், தவறு நேர்ந்தால் கதிரைத் தடுக்க இயந்திரப் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டு, பாதுகாப்பை மென்பொருளிடமே விட்டார்கள்.

1986 மார்ச் மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரம். இயந்திரத்தை இயக்கிய பெண்மணி எலக்ட்ரான் சிகிச்சைக்குப் பதில் எக்ஸ்-ரே என்று தவறாகத் தட்டிவிட்டார். உடனே திருத்தினார். கை பழகியவர், சில விநாடிகளில் திருத்தம் முடிந்தது. திரையில் திருத்தம் தெரிந்தது, உள்ளே இயந்திரம் அதை முழுதாக ஏற்கவில்லை. 'கோளாறு 54' என்று மட்டும் காட்டியது. நோயாளியின் உடலில் பாய்ந்தது அளவுக்கு மிஞ்சிய கதிர்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். அவர்களால் அந்தக் கோளாறை வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் மறுபடி ஓடியது. மூன்றே வாரத்தில் அதே இடத்தில் இன்னொருவர். இருவருமே பின்னர் இறந்தார்கள். அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், அந்தப் பெண்மணியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டிப் பார்த்துத்தான் குற்றத்தைக் கண்டுபிடித்தார். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை மொத்தம் ஆறு விபத்துகள்.

அந்த மென்பொருளாவது எழுதியபடியே இருந்தது. இப்போது வருபவை படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்பவை. 2018 ஏப்ரலில், மருத்துவர் பார்க்காமலே விழித்திரை பாதிப்பைச் சொல்லும் 'ஐடிஎக்ஸ்-டிஆர்' கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அதற்கு முன் 900 சர்க்கரை நோயாளிகளிடம் சோதனை நடந்தது. பாதிப்பு உள்ளவர்களில் 87 சதவீதத்துக்கும் மேல் சரியாகக் கண்டுபிடித்தது. மீதிப் பேரைக் கோட்டைவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அனுமதி வாங்கிய பிறகு கருவி மேலும் கற்று மாறினால்? இதற்காக 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். எதை மாற்றப்போகிறோம், எப்படிச் சோதிப்போம் என்று நிறுவனம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கலாம். அந்த எல்லைக்குள் மாற்றினால் ஒவ்வொரு முறையும் புது அனுமதி வேண்டாம். நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல், மருத்துவத்துக்கான மென்பொருள் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

கடைக்காரரின் மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் மறுமுத்திரை உண்டு. தேய்மானம் இருக்கும், யாராவது கை வைத்திருப்பார்கள் என்பதால்தான். தானே மாறக்கூடிய தராசுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை முத்திரை? நான் பதவியில் இருந்தபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை. இப்போது கேட்டாக வேண்டும். அதுவரை நமக்கு ஒரே வழிதான். மெஷின் "பாதிப்பு இல்லை" என்றாலும், பார்வையில் மாற்றம் தெரிந்தால் கண் டாக்டரிடம் நேரில் போய்க் காட்டுங்கள். நானும் நண்பரும் அடுத்த வாரம் போகிறோம்.