நலமாயிருக்கும்போதே மருத்துவரை நாடுதல்

நோயுற்றவர் மருத்துவரை நாடுவது மிகப் பழைய வழக்கம். நோயின் அறிகுறி ஏதுமில்லாதவர் நாடுவதோ வரலாற்றில் அண்மையில் தோன்றிய வழக்கமாகும். அது தோன்றிய கதையை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம்.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் மருத்துவச் சோதனையை அறியாதவர் அல்லர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் சோதிக்கப்பட்டனர். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காக வைக்கப்பட்டனர். ஆயினும் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, ‘இவ்வுடல் உழைப்புக்கு உதவுமா?’ என்பதே. ‘இம்மனிதர் முதுமையிலும் நலமாக வாழ்வாரா?’ என்று கேட்டவர் இலர். சோதனை என்றாலே நம் முதியோர் அஞ்சியதன் வேர்களுள் ஒன்று இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வியை இலண்டன் மருத்துவர் ஹோரேஸ் டோபெல் 1861-இல் எழுப்பினார். நோய் வெளிப்படுமுன்னரே உடலில் வித்தூன்றிவிடுகிறது. ஆதலால் குறித்த காலந்தோறும் உடலைச் சோதிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அதற்கேற்ற கருவிகள் பின்னரே வந்தன. 1896-இல் இத்தாலியரான ரிவா ரோச்சி இரத்த அழுத்தமானியை உருவாக்கினார். 1905-இல் ரஷ்யரான கொரோட்கோவ், நாடியின் ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டார். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமான மெட்ரோபாலிட்டன் லைப், 1914 முதல் தன் சந்தாதாரர்களுக்கு இலவசச் சோதனை அளித்தது. வாடிக்கையாளரின் ஆயுள் நீடித்தால் நிறுவனத்துக்கும் ஆதாயமன்றோ!

எனினும் நோயை அறிவது வேறு, தீர்ப்பது வேறு. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதை அவருடைய மருத்துவர்கள் அறிந்தே இருந்தனர். அதனைத் தணிக்கும் நல்ல மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். 1948-இல் ஃபிரமிங்காம் என்னும் அமெரிக்க ஊரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கிற்று. இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை மாரடைப்புக்கு வழிகோலுகின்றன என்பதை அவ்வாய்வு தெளிவாக்கியது.

1968-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவர் சோதனைக்கான நெறிகளை வகுத்தனர். தீர்க்கும் வழியுள்ள நோயையே தேட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த காக்ரேன் அறிக்கையோ, பொதுச் சோதனைகள் மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது. இதனைப் படித்துச் சோதனையே வீண் என்று முடிவு செய்தல் ஆகாது. கண்டதையெல்லாம் சோதிப்பதாலும் முடிவுத் தாளைப் பேழையில் பூட்டி வைப்பதாலும் பயனில்லை என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2019-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 18 வயதைக் கடந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள். இந்தியர்களிடையே அவ்விகிதம் 31.4. அதே ஆண்டில், குறைந்த வருமானமுடையோருள் முதலில் 50 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் இலவசச் சோதனை வழங்கிய பெக்கா பி40 திட்டம் தொடங்கிற்று.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், ‘பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சோதனையை ஆண்டுதோறும் ஒத்திவைத்தார். காலில் ஆறாத புண் கண்ட பிறகே தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்தார். அக்காலை இழந்தார். அவரை மருத்துவமனையில் பார்த்துத் திரும்பிய வாரத்திலேயே நானும் சோதனை செய்துகொண்டேன். எனக்கும் சர்க்கரை மிகுந்திருந்தது. அன்று தொடங்கிய மாலை நடையும் மாத்திரையும் இன்றும் தொடர்கின்றன.

ஆசிரியப் பெருமக்களே! நாம் தவணைத் தேர்வு வைப்பது மாணவனைத் தண்டிக்க அன்று. அவன் எங்கே தளர்கிறான் என்பதை இறுதித் தேர்வுக்கு முன்னரே அறிந்து மீண்டும் கற்பிப்பதற்கே. மீண்டும் கற்பிக்காத ஆசிரியரின் தேர்வால் பயனில்லை; வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளாதவரின் மருத்துவச் சோதனையும் அத்தகையதே. நாற்பதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையேனும் மருத்துவர் கூறும் காலந்தோறும் அளந்து, அவர் சொல்வதைக் கடைப்பிடிப்பார்களாக. அடுத்த விடுமுறை வரை காத்திருத்தல் வேண்டா.